விமலா, ஒரு போன் பண்ணும்மா

ஜூன் 8, ஞாயிறு

இன்று அப்பா ஒரு மைக்கின் முன் நின்று பேசினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன், வேதியியல் அப்புறம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமா. இட்லி சாப்பிட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, காலைக் காட்சிக்கு வில்லிவாக்கத்திலிருந்து பஸ் ஏறுவோம். படம் முடிந்ததும் ஓட்டல் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரை அல்லது கடைத்தெரு. முன்பு மூன்று பேராகப் போவோம். ஏப்ரலில் அம்மா ஆரணிக்கு மாமா வீட்டுக்குப் போனதிலிருந்து அப்பாவும் நானும் மட்டும். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் போனாள். அன்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தார். ஆட்டோ வந்த பிறகும் அம்மா ஏறாமல் நின்றாள். அப்பா பையை உள்ளே வைத்து, ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் அம்மா ஏறினாள்.

இன்றைய படம் ஒரு லாரி டிரைவரைப் பற்றியது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவர் வீட்டுக்கு வருகிறபோது கதவு பூட்டியிருக்கிறது, மனைவி இல்லை. நடுநிலையாகச் சொன்னால் இரண்டாம் பாதி இழுவை. நண்பராக வருகிறவர் எதற்கு வருகிறார் என்றே தெரியவில்லை. ஆனால் பூட்டிய கதவு வந்தபோது அப்பா கைக்குட்டையை எடுத்தார். நான் திரையை மட்டும் பார்த்தேன்.

வெளியே வந்தால் வழக்கம்போல யூடியூப் சானல்காரர்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மறித்து மைக்கை நீட்டி, படம் எப்படி என்று கேட்டு, அன்றைக்கே வீடியோவாகப் போட்டுவிடுவார்கள். நாங்கள் எப்போதும் பைக் நிறுத்துமிடம் பக்கமாக நழுவிவிடுவோம். இன்று 'கிழிச்ச டிக்கெட்' சானலின் ஸ்டீபன் அண்ணன் அப்பாவின் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். அப்பா நழுவவில்லை.

"படம் நல்லா இருக்குங்க. எல்லாரும் குடும்பத்தோட வந்து பாருங்க. நான் பொண்ணோட வந்திருக்கேன். எங்க வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கா. அவ இந்த வீடியோ எல்லாம் பாப்பா, பாத்துட்டுதான் எந்தப் படத்துக்கும் வருவா. விமலா, இந்தப் படத்தப் பாரு. பாத்துட்டு ஒரு போன் பண்ணும்மா."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கீச்சென்று மேலே போய்விட்டது. நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன்.

அவர் சொன்னது உண்மை. காய் நறுக்கும்போது அம்மா போனைச் சம்படத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு இந்த விமர்சனங்களைத்தான் பார்ப்பாள். அம்மா அப்பாவின் எண்ணை பிளாக் செய்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? போன் போகாத இடத்துக்கு வீடியோ போகும்.

ஜூன் 9, திங்கள்

வீடியோ வந்துவிட்டது. அப்பாவைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். பின்னால் வயலின் சேர்த்திருக்கிறார்கள். அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஜூன் 11, புதன்

அம்மா தினமும் போல இன்றும் என்னுடன் போனில் பேசினாள். என்ன சமைத்தேன், துணி காய்ந்ததா என்று கேட்டாள். வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தானாகப் பார்த்துத் தானாகத் தோன்றினால்தான் நல்லது.

ஜூன் 14, சனி

அரைநாள் சிறப்பு வகுப்பு. இடைவேளையில் என் தோழி ரிஸ்வானா என்னைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கோபப்படக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனைக் காட்டினாள். அப்பாவின் முகம் மட்டும் பெரிதாகி, "போன் பண்ணும்மா" என்ற இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மீன் கடை வாசலில் காத்திருக்கும் பூனைக்கு அந்தக் குரலைப் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன், மழை வராத வானத்தைப் பார்க்கிறவன், எல்லாருக்கும் அப்பாவின் குரல். ஒரு போன் கடைக்காரர் தன் கடை வாசலில் "விமலா, ஒரு போன் வாங்கும்மா" என்று பேனரே கட்டியிருக்கிறார்.

பூனை வீடியோவுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூனையின் வாய் அந்த வார்த்தைக்குச் சரியாகத் திறக்கிறது. ரிஸ்வானா நிம்மதியாகி அவளும் சிரித்தாள்.

அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், உள்ளறையில் மெஷினோடு இருப்பவர், வாடிக்கையாளர்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. இன்று முதலாளி அவரை முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்தாராம். இரண்டு கல்லூரிப் பெண்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போது அப்பா தோசையைத் திருப்ப மறந்துவிட்டார்.

இவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள். அம்மா பார்க்காமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மிக நல்ல நாள். விவரமாக எழுத வேண்டும்.

போன வாரம் பேசியது தயாரிப்பு இல்லாமல் பேசியது. இந்த முறை தெளிவாக இருக்க வேண்டும் என்று நேற்றே நான் அப்பாவுக்குச் சில வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். "பிரிவு என்பது தூரம் அல்ல, மௌனம்" என்று ஒன்று. அப்பா பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். படம் பேய்ப்படம். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. இடைவேளையில் கேட்டதற்கு, "அந்த மௌனம் முன்னாடி வருதா, தூரம் முன்னாடி வருதா?" என்றார்.

வெளியே எங்களுக்காகவே காத்திருந்தார்கள். மூன்று நான்கு மைக்குகள். அப்பா "பிரிவு என்பது" என்று ஆரம்பித்தார். ஸ்டீபன் அண்ணன் மைக்கை இழுத்து, "அங்கிள், பேய்க்கே பயம் வர்ற மாதிரி நம்ம விமலா டயலாக் ஒண்ணு" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், ஏனென்றால் அதுவும் அதே செய்திதான். அவர் சொன்னார். குரல் போன வாரம் உடைந்த அதே இடத்தில் உடைந்தது. எல்லாரும் சிரித்ததில் நானும் சிரித்தேன், அப்பாவும் சிரித்தார்.

சாயங்காலம் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜி போடுகிற அக்கா அப்பாவை அடையாளம் கண்டு ஒன்று அதிகமாக வைத்தார். பட்டம் விட்ட பையன்கள் தூரத்திலிருந்து "விமலா அங்கிள்" என்று கத்தினார்கள். அப்பா கை காட்டினார். அவர் நடக்கும்போது எப்போதும் கொஞ்சம் குனிந்திருப்பார். இன்று முதுகு நேராக இருந்தது. தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு எனக்கு வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார், அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் பேசினார்.

ஜூன் 18, புதன்

அம்மா குரல் சரியில்லை. சளி என்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

இப்போது வெள்ளிக்கிழமைகளிலும் அப்பா கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பிப் போகிறார். அன்றைக்குத்தான் படங்கள் வெளியாகின்றன, மைக்குகளும் அதிகம். ஒரு நீலச் சட்டை வாங்கியிருக்கிறார். வெள்ளைச் சட்டை கேமராவில் வெளுத்துவிடுகிறதாம், ஸ்டீபன் அண்ணன் சொன்னாராம்.

இன்றைய படம் நன்றாக இருந்தது. இரண்டு சகோதரிகள் ஒரு தையல் கடை நடத்துகிறார்கள். கடைசியில் தங்கை அக்காவின் ரவிக்கையைத் தான் தைத்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இப்படி ஒரு காட்சி வந்தால் அப்பா கட்டாயம் அழுவார், அம்மா அவருக்குத் தன் முந்தானையைக் கொடுப்பாள், திரும்ப வாங்கும்போது முகம் சுளிப்பாள். இன்று அப்பா அழவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது.

வெளியே அவரிடம் படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நேராக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டார்கள். தையல் கடையைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஸ்டீபன் அண்ணன், "பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு, ஃப்ரேம்ல பாதியா வர்ற" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

ஆரணியிலிருந்து எழுதுகிறேன். நேற்று அப்பா கோயம்பேட்டில் பஸ் ஏற்றிவிட்டார். அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "பாத்துப் போ" என்றார். அது எனக்கா அம்மாவுக்கா என்று தெரியவில்லை.

அம்மா மாமாவின் பட்டுச் சேலைக் கடையில் உட்கார்கிறாள். விரித்துக் காட்டிய சேலைகளைத் திரும்ப மடிப்பு மாறாமல் மடித்து வைப்பது அவள் வேலை. இன்று முகூர்த்தக் கூட்டம். நானும் உதவினேன். கல்யாணத்துக்கு எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மாமா "விமலா, அந்த மாம்பழக் கலர எடு" என்று கூப்பிட்டதும் சட்டென்று திரும்பினாள். தன் அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் கீச்சுக் குரலில், யாருக்கும் இல்லாமல் பொதுவாக, "போன் பண்ணும்மா" என்றாள். கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆரணியில் எத்தனையோ விமலாக்கள் இருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது உண்மையான விமலா என்று தெரியாது.

அம்மா மாம்பழக் கலர் சேலையை எடுத்து விரித்தாள். ஜரிகை இரண்டு பக்கமும் தெரியும்படி பிரித்துக் காட்டினாள். விலை சொன்னாள். அவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையின் பின்னறைக்குப் போனோம். நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்து, அப்பா மாறியிருக்கிறார், இப்போது நன்றாகப் பேசுகிறார் என்றேன். அம்மா சாதத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். நீயும் பக்கத்துல நின்னு சிரிக்கிற."

நான் எல்லாரும் சிரித்ததால் சிரித்ததாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பாவின் எண்ணை பிளாக் செய்திருக்கிறாயே, அவர் வேறு எப்படித்தான் உன்னிடம் பேசுவார் என்று கேட்டுவிட்டேன்.

"நான் யாரையும் பிளாக் பண்ணல" என்றாள். "போன் பண்ணு போன் பண்ணுன்னு ஊருக்கே சொல்றாரே, அவர் கையில போன் இல்லையா யாமி? நான் இங்க வந்து இத்தன நாளாச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவர் நம்பர்லேருந்து எனக்கு வந்திருக்கா கேளு. வந்திருந்தா அன்னிக்கே கெளம்பியிருப்பேன்."

பிறகு ரசம் ஊற்றிக்கொண்டாள்.

பக்கத்து அறையில் மாமா கதவைச் சாத்தாமல் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் என்ற வார்த்தை இரண்டு முறை வந்தது. கடை விஷயமாக இருக்கும்.

ஜூலை 7, திங்கள்

விடியற்காலை பஸ்ஸில் வந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். தமிழ் வகுப்பில் தூங்கிவிட்டேன், இதுவரை நடக்காத விஷயம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டுவிட்டேன். நீங்கள் ஏன் ஒரு முறைகூட அம்மாவுக்குப் போன் செய்யவில்லை? அப்பா சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுத்திவிட்டார்.

"பண்ணா எடுக்கணும்ல."

"எடுப்பாங்கப்பா. எடுப்பேன்னு சொன்னாங்க."

"எடுத்துட்டா என்ன பேசுறது?"

"மைக்ல சொன்னதச் சொல்லுங்க."

"அது மைக்கு, யாமி."

எனக்கு இது புரியவில்லை. மைக்குக்குப் பின்னால் ஊரே இருக்கிறது, போனுக்குப் பின்னால் அம்மா மட்டும்தான். எது சுலபம்? நானே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் வைத்தேன். அம்மா உடனே எடுத்துவிட்டாள். இரண்டாவது மணிகூட அடிக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அப்பா, "நான்தான்" என்றார். அம்மா, "சொல்லுங்க" என்றாள். அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். "சாப்பிட்டியா?" என்றார். "இனிமேதான்." "இங்க மழ பெய்யுது" என்றார். "அப்படியா" என்றாள். அம்மா வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. நான் கையால் பேசு பேசு என்று சைகை செய்தேன். அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"யாமி பேசணுமாம்" என்று என்னிடம் நீட்டிவிட்டார்.

எனக்குப் பேச ஒன்றும் இல்லை. காலையில்தான் அவள் என்னை பஸ் ஏற்றிவிட்டிருந்தாள். அம்மா, "சரி, வை. போய்ப் படி" என்றாள்.

இங்கே மழை பெய்யவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சினிமாவுக்குப் போகவில்லை. இனிமேல் வீடியோவில் பேச வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன், கடையில் நடந்ததையும் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். மாம்பழக் கலர் சேலையைப் பற்றி மட்டும் இரண்டாவது முறை சொல்லச் சொன்னார்.

சினிமா இல்லாத ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அப்பா மின்விசிறியைத் துடைத்தார். நான் நூலகப் புத்தகத்தை முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். மேல் வீட்டில் டிவியில் ஒரு பழைய படம் ஓடியது. வசனங்கள் மட்டும் கேட்டன. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஊகித்து விளையாடலாம் என்றேன். அப்பாவுக்குக் காதில் விழவில்லை. அவர் காதில் ஹெட்போன் இருந்தது. தன் வீடியோக்களின் கீழே வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர், "இந்த வாரம் அங்கிள காணோம், விமலா வந்துட்டாங்க போல" என்று எழுதியிருந்தார். அப்பா அதற்கு இதயம் போட்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் அப்பா கொத்தமல்லி வாங்கப் போனார். மதியம் வந்தார்.

சாயங்காலம் 'கிழிச்ச டிக்கெட்' போட்ட வீடியோவில் அப்பா கொத்தமல்லிக் கட்டோடு நிற்கிறார். படம் பார்க்கவில்லை, தியேட்டர் வாசலுக்கு மட்டும் போயிருக்கிறார். "காய் வாங்க வந்தேங்க" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். பிறகு சொல்கிறார்.

துவையல் அரைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா சென்னைக்கு வரப் போகிறாள்.

குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, இருவரும் ஆலோசகர் முன்னால் வர வேண்டும். மாமாவின் அவசரத்தால் நடந்ததாக இருக்கலாம். ஆலோசகர்கள் என்பவர்களே சேர்த்துவைப்பதற்காகத்தான் இருக்கிறார்கள், பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். மிக முக்கியமானது, அப்பா அங்கே பேசியாக வேண்டும். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

கடிதத்தைப் படித்த பிறகு அப்பா தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை ஒரு நல்ல படம் வெளியாகிறது என்று ரிஸ்வானா சொன்னாள். கணவன் மனைவி நகைச்சுவை, மூன்று பேரும் பார்க்கக்கூடியது. சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பின்வரிசையில் சேர்ந்தாற்போல் மூன்று இடங்கள் இருக்கின்றன. அவசரப்பட வேண்டாம், சனிக்கிழமையே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் நீலச் சட்டை வேண்டாம், வெள்ளையே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

அம்மா மெலிந்திருந்தாள். கனகாம்பர நிறச் சேலை, நான் பார்த்திராதது. என்னைக் கட்டிக்கொண்டு, என் தலையை முகர்ந்து, எண்ணெய் வைப்பதில்லையா என்றாள். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்பாவும் அசைத்தார்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். சனிக்கிழமையிலும் அவ்வளவு கூட்டம். எதிரே ஒரு குட்டிப் பெண் தன் அப்பா வாங்கித் தந்த பலூனையும் அம்மா வாங்கித் தந்த பலூனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்ததால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"அந்த மேடம் அவர்கிட்ட நல்லாதான் கேட்டாங்க. உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்கன்னு. தண்ணி கூட குடுத்தாங்க." அம்மா கைப்பையை மூடினாள். "நான்தான் பேசினேன். எப்பவும் போல."

அப்பா கொஞ்சம் தள்ளி நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆரணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எதிரே இருந்த ஓட்டலில் காபி குடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேரும் எனக்காக வந்தார்கள். அம்மா மூவருக்கும் சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரை குறைவாக என்று சர்வரிடம் சொன்னது அவள் வாயிலிருந்து தானாக வந்தது. அது எனக்குக் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் காபி வந்து கொஞ்சம் குடித்ததும் அவர் டம்ளரைப் பிடித்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"விமலா" என்றார்.

நான் ஒன்றை இங்கே எழுத வேண்டும். வீட்டில் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பார், அல்லது "யாமி, அம்மாவக் கூப்பிடு" என்பார். பெயரை மைக்கில்தான் கேட்டிருக்கிறேன். அம்மாவும் நிமிர்ந்துவிட்டாள். டம்ளரை மேசையில் வைத்தாள். காத்திருந்தாள்.

பின்னாலிருந்து யாரோ, "நான் அப்பவே சொன்னேன்ல மச்சான்" என்றார்கள்.

பின் மேசையில் நான்கு பையன்கள், கல்லூரி படிப்பவர்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எழுந்து வந்து அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அங்கிள், எங்க காலேஜ் குரூப்ல உங்க ஸ்டிக்கர்தான் ஓடுது, ஒரே ஒரு வீடியோ, ஒரு நிமிஷம்தான் என்றார்கள். ஒருவன் அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினான். நான்கு பேரும் அவரோடு நிற்க வேண்டும் என்பதால் எடுக்க ஆள் இல்லை. அந்தப் பையன் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் புடிங்களேன். அந்தச் செவப்பு பட்டன அமுக்கினா போதும்."

இவர்தான் அந்த விமலா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையின்மேல் கை வைத்தாள். எழுந்து, போனை வாங்கிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், ஐந்து பேரும் வருகிற மாதிரி பிடித்தாள்.

"சொல்லுங்க" என்றாள். அன்று போனில் சொன்ன அதே மாதிரி.

அப்பா கேமராவைப் பார்த்தார். கேமராவைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஆனால் கீச்சுக் குரலில் இல்லை. மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, "விமலா, ஒரு போன் பண்ணும்மா" என்றார்.

அம்மா வீடியோவை நிறுத்தவில்லை.

"அங்கிள், இது இல்ல" என்றான் ஒருவன். "குரல் உடையணும், வீடியோல மாதிரி."

அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு வீடியோவில் மாதிரி சொன்னார். சரியான இடத்தில் உடைந்தது. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஓட்டல் முதலாளியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்து, வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சூப்பராகப் பிடித்திருக்கிறீர்கள் அக்கா என்று அவன் சொன்னான். அவள் உட்காரவில்லை. காபி பாதி இருந்தது. என் கன்னத்தைத் தொட்டு, பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கே இருக்க வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள், நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றாள். அப்பாவிடம், "வர்றேன்" என்றாள்.

அப்பா வாசல் வரை வந்தார். ஆட்டோ வந்தது. அம்மா நிற்காமல் ஏறிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்தப் பையன் வீடியோவைப் போட்டுவிட்டான். நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள். அப்பா முதலில் மெதுவாகச் சொன்னதை வெட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து வைத்திருக்கிறான். நான்கு பையன்களும் அப்பாவும் கச்சிதமாக உள்ளே இருக்கிறார்கள், யாருடைய தலையும் வெட்டுப்படவில்லை. பலமுறை பார்த்துவிட்டேன். எடுத்த கை ஓர் இடத்தில்கூட ஆடவில்லை.